ஆற்று மணலும் ஒரு சாட்சி
(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவன் பாலத்தைப் பத்திப் பேசுப்பா, எலும்பைப் பத்தி என்ன பேச்சு?" என்று செயலாளர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அங்கே பிறந்தவனுக்கு, ஆறு எதைக் கொண்டுவரும், எங்கே போடும் என்கிற கேள்வி சின்ன வயசிலிருந்தே உண்டு. எலும்பும் அதில் அடக்கம்.

எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை ஒன்று இங்கே நடந்ததை அது சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்தை இன்றைக்கும் நம்பிப் படிக்கிறோமே, ஏன்? கல் இடம் மாறவில்லை. ஒரு தடயத்துக்கு முதல் பலமே அது இருந்த இடம்தான். ஆற்று மணலில் கிடைக்கிற எலும்புக்கு அந்தப் பலம் இல்லை.

348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல். ஆனால் வெள்ளம் வந்தால் சொல்லிக்கொண்டு வராது. 1903 நவம்பரில் வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 பேரை வாரிக்கொண்டு போனது. அவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்தது. பாலைவன நாடுகளில் இப்படிக் காய்ந்து கிடந்து திடீரெனப் பாயும் ஆற்றை 'வாடி' என்பார்கள். லிபியாவின் டெர்னா நகரில் 2023 செப்டம்பரில் வாடியின் குறுக்கே இருந்த இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கடலுக்குப் போன உடல்களை அலை திரும்பக் கரையில் ஒதுக்கியது. யார், எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லும் தடயம் தண்ணீரோடு போய்விட்டது.

சரி, நம்ம ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் மணலில் ஓர் எலும்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "கொலைதான்" என்று ஊர் முடிவு கட்டிவிடும். ஆனால் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. கரையோரச் சுடுகாட்டிலிருந்து அரித்து வந்திருக்கலாம். முதுமக்கள் தாழியிலிருந்து வந்திருக்கலாம். நம்ம பக்கம் ஈமச்சின்னங்களுக்குப் பஞ்சமில்லை, 1950களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை சானூரில் தோண்டிப் பார்த்திருக்கிறது. உண்மையாகவே ஒரு குற்றமாகவும் இருக்கலாம். எது என்று சொல்லவேண்டிய இடத்தைத்தான் வெள்ளம் கலைத்துப் போட்டிருக்கிறது.

கலைப்பதிலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. 1976இல் போவாஸ், பெரென்ஸ்மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனித எலும்புகளைச் செயற்கை ஓடையில் போட்டுப் பார்த்தார்கள். முழு மண்டையோடு உருண்டு வேகமாக நகர்ந்தது. செறிவான துண்டுகள் பின்தங்கின. நாம் ஹைட்ராலிக்ஸ் லேபில் மணலை வைத்துப் பார்த்த அதே பாடம்தான். அதனால் மண்டையோடு ஓரிடம், தொடை எலும்பு வேறிடம் என்று கிடந்தால், யாரோ துண்டாக்கிப் போட்டார்கள் என்று அர்த்தமில்லை. மணலில் உரசி முனை மழுங்கிய எலும்பில், வெட்டுக்காயமா, உடைந்ததா என்று பார்ப்பதும் கஷ்டம். வெயிலில் கிடந்து வெடித்த எலும்பும் ஈரச் சேற்றில் புதைந்து கிடந்த எலும்பும் வெள்ளத்தில் ஒன்றாகக் கலந்தால், இறந்து எத்தனை வருஷம் என்ற கணக்கும் குழம்பிவிடும்.

இன்னொன்று, மணல் குழி. ஆற்றில் தோண்டிய குழியை அடுத்த வெள்ளம் மண் போட்டு மூடிவிடும். அதற்குள் ஒரு எலும்பு சிக்கினால், ஆறு அடி ஆழத்தில் யாரோ புதைத்த மாதிரியே தெரியும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தண்ணீர் நிரப்பிய குழியில் பெரும்பாலும் அடியில் பருமணல், மேலே போகப்போக நைஸ் மணல், கடைசியில் வண்டல் என்று படிந்திருக்கும். மண்வெட்டி நிரப்பிய குழியில் எல்லாம் கலந்து கிடக்கும். இந்த வித்தியாசம் குழியின் வெட்டுமுகத்தில்தான் தெரியும். ஜே.சி.பி. ஒரு தடவை வாரினால் அந்த வெட்டுமுகம் போச்சு; அப்புறம் எந்த நிபுணர் வந்தும் பிரயோஜனமில்லை.

இது வெறும் பாடப்புத்தக விஷயமில்லை. 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மண் சரிந்தது. உடல்களைச் சாலியாறு மலப்புரம் மாவட்டம் நிலம்பூர்ப் பக்கம்வரை இழுத்துச் சென்றது. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் அடக்கம் செய்து, கல்லில் எண் எழுதி வைத்தார்கள். உறவினரின் ரத்த மாதிரியோடு மரபணு பொருந்திய பிறகுதான் பல எண்கள் பெயர்களாயின. அந்த ஒரு பெயருக்காகக் காத்திருந்த தாயை நினைத்துப் பாருங்கள்.

கடல் தாண்டினால் யாழ்ப்பாணம் செம்மணி. 2025 பிப்ரவரியில் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. பிறகு பருவமழையில் குழிகளில் நீர் தேங்கி, அடுத்த கட்டப் பணி தள்ளிப்போனது. நீர் நின்றால் குழியின் ஓரம் சரியும், படிவங்கள் கலையும். நீரை இறைப்பதிலும் எலும்பு நகராமல் பார்க்கவேண்டும். காணாமற்போன பிள்ளைக்காகப் பல வருஷமாகப் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு மழைக்காலம் எவ்வளவு நீளம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நல்ல கூரையும் சுற்றி ஒரு வடிகாலும் பம்ப்செட்டும் அங்கே நீதிக்குச் செய்யும் உதவி. அது நம்ம தொழில்தானே?

அதனால் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஆற்றிலோ அஸ்திவாரக் குழியிலோ எலும்பு தெரிந்தால் வேலையை அந்த நிமிஷமே நிறுத்துங்கள்; கையில் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, கரையிலிருந்து தூரம், ஆழம், மண்ணின் தன்மை, கடைசியாக வெள்ளம் வந்த நாள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி சந்தேக மரண விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். கான்ட்ராக்டர் "லோடு நிக்குது சார்" என்பார். நிற்கட்டும். லோடு நாளைக்கும் போகும். கலைந்த மண் திரும்பி வராது.

அளவெடுக்கவும் மண்ணைப் படிக்கவும் நமக்கு இந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்திருக்கிறது. பெயர் தொலைந்துபோன ஒருவருக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுக்க அந்தப் படிப்பு ஒருநாள் பயன்பட்டால், இங்கே நமக்குச் சொல்லித் தந்தவர்கள் மனம் குளிரும்.