கிருமிக்கு மதம் பூசியவர்கள்

(காஞ்சிபுரத்தில் இளைஞர்களுக்காகவும் வணிகர்களுக்காகவும் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கொரோனா போய் ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் ஏன் அந்தப் பேச்சு என்று கடைவீதிச் சகோதரர்கள் சிலர் கேட்கிறார்கள். நோய் போனது உண்மை. நம் மீது சுமத்திய பழி போய்விட்டதா? தப்லீக் ஜமாஅத்தில் வந்த வெளிநாட்டினருக்குத் தங்க இடம் கொடுத்தார்கள் என்று 70 இந்தியர்கள் மீது போடப்பட்ட 16 வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலை 17ஆம் தேதிதான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த மனிதர்கள் குற்றப்பத்திரிகையைச் சுமந்து திரிந்தார்கள். வழக்குப் போட்ட செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ரத்தான செய்தியை எத்தனை பேர் பார்த்தீர்கள்?

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எந்த ஊர்க்காரர்? நம் காஞ்சிபுரத்துக்காரர்! 2020 மார்ச் 7 அன்று அரசு அறிவித்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர். சென்னையில் சிகிச்சை பெற்று நலமடைந்தார். அவர் என்ன மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை. காஞ்சிபுரத்தான் நோயைக் கொண்டுவந்தான் என்று யாரும் பட்டுக்கடைகளைப் புறக்கணிக்கவில்லை. முறையான நடத்தை அதுதான். மூன்றே வாரத்தில் அது எங்கே போனது?

மார்ச் 13 அன்று, இது சுகாதார அவசரநிலை அல்ல என்று மத்திய சுகாதார அமைச்சக அதிகாரி சொன்னார். அந்த வாரத்தில்தான் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் மக்கள் கூடியிருந்தார்கள். பிறகு ரயில் நின்றது, 25ஆம் தேதி முதல் நாடே பூட்டப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே சிக்கினார்கள். மர்கஸ் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே கலைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கவனக்குறைவு வேறு, சதி வேறு. சமூக ஊடகங்களில் 'கொரோனா ஜிஹாத்' என்று எழுதியவர்கள் கவனக்குறைவைப் பற்றியா பேசினார்கள்?

நம் மாநிலத்திலும் நாள்தோறும் மாலைச் செய்தியாளர் சந்திப்பில் 'டெல்லி மாநாட்டுக்குச் சென்று வந்தவர்கள்' என்று தனிக்கணக்கு வாசித்தார்கள். சமுதாயம் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே 'ஒரே தொற்று மூலம்' என்று சொல்லை மாற்றினார்கள். யாரைத் தேடித்தேடிப் பரிசோதிக்கிறார்களோ அவர்களிடம்தானே எண்ணிக்கை கூடும்? மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்கு நோய் பரவியது. அங்கே வியாபாரிகளின் மதத்தைக் கேட்டார்களா? இல்லை. கேட்டிருக்கவும் கூடாது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள் அத்திவரதர் வைபவம். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். எட்டு மாதம் தள்ளி அது நடந்திருந்தால்? கிருமிக்குத் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். அந்த பக்தர்கள் மீது யாராவது பழி போட்டிருந்தால், அதை மறுத்து முதல் ஆளாக நாம் நின்றிருக்க வேண்டும்.

வணிகப் பெருமக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். 1349 பிப்ரவரி 14 அன்று ஐரோப்பாவின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று பழி சுமத்தி நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். கொள்ளைநோய் அந்த நகருக்கு அப்போது வந்து சேரவே இல்லை! எரித்த கையோடு நடந்தது என்ன தெரியுமா? யூதர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்கள் ரத்தாயின. பழி போடுகிறவனின் வாய் நோயைப் பேசும், கண் கல்லாப்பெட்டியில் இருக்கும்.

2020 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் தேவ்ரியாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர், முஸ்லிம்களிடம் காய்கறி வாங்காதீர்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். மே மாதம் சென்னை தியாகராய நகரில், எங்களிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்று விளம்பரம் செய்த பேக்கரி உரிமையாளரைக் காவல்துறை கைது செய்தது. இலங்கையில் கொடுமை மையவாடி வரை போனது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், 2021 பிப்ரவரி வரை ஜனாஸாக்களை வலுக்கட்டாயமாக எரித்தார்கள். பிறந்து 20 நாளே ஆன குழந்தையைக்கூட விடவில்லை. 2024 ஜூலையில்தான் அரசு மன்னிப்புக் கேட்டது.

இதற்குப் பதிலாக 'நம்மவர் கடையில் மட்டும் வாங்குவோம்' என்கிறார்கள் நம் இளைஞர்கள் சிலர். தம்பி, நீ காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறாய்? ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் பட்டு நூல் இழைப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சரிகை சூரத்திலிருந்து வருகிறது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி அதைக் குழித்தறியில் புடவையாக்குகிறார். எந்த இழையை உருவுவாய்? ஊரடங்கில் கல்யாண சீசன் போனபோது எல்லார் வீட்டுத் தறியும்தான் நின்றது.

இன்னொன்றும் கேட்கிறேன். அதே மார்ச் மாதம் மைசூரில் நாகாலாந்து மாணவர்களை, முகத்தைப் பார்த்து, அங்காடிக்குள் விடவில்லை. இன்று நம் ஊர் ஓட்டல்களிலும் வடகிழக்குப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களை நம் பையன்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருந்தால் வெளியேறாதீர்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஷாம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்திலிருந்தே திரும்பினார்கள். நாளை இன்னொரு நோய் வரலாம். அன்று பரிசோதனைக்கு முதலில் வரிசையில் நில்லுங்கள், நோயை மறைக்காதீர்கள். ஜனாஸா அடக்கத்துக்கும் பிளாஸ்மா தானத்துக்கும் நம் தொண்டர்கள் ஓடியது அல்லாஹ்வின் பொருத்தத்துக்காக. நல்லவன் என்று யாரிடமும் சான்றிதழ் வாங்குவதற்காக அல்ல.

வதந்தி வந்தால் பதில் வதந்தி அனுப்பாதீர்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவில் குற்றம், முன்பு இ.பி.கோ. 153ஏ. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஒரு நகலை ஜமாஅத் அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். அங்கே ஒரு கோப்பு திறந்து வைக்கும்படி நிர்வாகிகளை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.