பத்து நிமிடத்தில் பிறந்த சங்கம்

(அம்பத்தூர்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஒரு நிமிடம் தாமதமானால் அரைநாள் கூலி வெட்டு. கழிவறைக்குப் போனால் அதற்கும் கணக்கு. “இந்தச் சின்னக் குறைக்கெல்லாம் சங்கமா?” என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள்.

இங்கிருந்து ரயில் ஏறினால் சற்று நேரத்தில் பெரம்பூர். அங்கே பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் ஓடின, 1996இல் மூடிவிட்டார்கள். அந்த மில் தொழிலாளி மத்தியானச் சோற்றுக்கு 30 நிமிடம் போதாது, 40 நிமிடம் வேண்டும் என்றான். பத்தே நிமிடம்! அந்தப் பேட்டையில் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவர் ஒரு பக்திச் சபை நடத்தினார்கள். சமயப் பிரசங்கம் கேட்க வந்தவர்கள் மில் கொடுமையைச் சொல்லி அழுதார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. தோள் கொடுத்தார். பத்து நிமிடமும் கிடைத்தது.

முதலாளி சும்மா இருப்பானா? 1920இல் கோர்ட்டுக்குப் போய் வாடியாவின் வாயைக் கட்டத் தடையுத்தரவு வாங்கினான். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் வந்தது. (ஆவடித் தோழர்களுக்கு இது பழங்கதையல்ல. 2021இல் பாதுகாப்புத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றியபோது, வேலைநிறுத்தத்தையே தடுக்கும் சட்டம் வந்தது.)

ஆனால் சங்கத்தின் முதுகை முறித்தது கோர்ட்டல்ல. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டினார்கள். புளியந்தோப்புச் சேரி எரிந்தது. போலீஸ் சுட்டது. பட்டினி நாளில் அந்தச் சேரிக்கு யார் அரிசி கொண்டுபோனார்கள்? வேலைநிறுத்தத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் யார் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்? சங்கத்தில் பெயர் இருந்தது; தெருவில் உறவு இல்லை. இதை மறைத்துப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்று எஸ்டேட்டில் நம் பக்கத்து மெஷினில் நிற்பவன் பீகாரி, ஒடியாக்காரன். காண்ட்ராக்ட் கூலி. “நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவன்” என்கிறோம். பூந்தமல்லிப் பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயக் கூலித் தோழர்களே, கழனி மனையான பிறகு உங்கள் பிள்ளைகளும் அதே காண்ட்ராக்டரிடம்தானே நிற்கிறார்கள்? கூலியைக் குறைப்பவன் காண்ட்ராக்டரா, பீகாரியா?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறையில்தான் இருப்பார்கள். பட்டரவாக்கத்தில் தொடங்குவோம். இந்தி தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.