குளிர்நாட்டில் ஓர் ஓர்க்கிட் மனை

தெகிவளையை அடுத்த களுபோவிலயில், மதிலுக்கும் கிணற்றுக்கும் இடையே கிடக்கும் பத்தடி நிலத்தில் ஓர்க்கிட் வளர்ப்பவருக்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. நான்கு கமுகங்கால்கள், அவற்றின்மேல் ஒரு நிழல்வலை, அல்லது பழைய முறைப்படி இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள், சட்டங்களிலிருந்து கம்பியில் தொங்கும் மண்சட்டிகள், சட்டிகளுள் கரியும் ஓட்டுத்துண்டும் தேங்காய்ப் பொச்சும். அவ்வளவே. வெப்பத்தை அயலிலுள்ள கடல் காத்துத் தருகிறது. ஈரத்தை மழை தருகிறது. கொழும்பிலே ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர். பகற்பொழுது ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். தை மாதத்து இரவிலும் குளிர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. வண்டா, டென்ட்ரோபியம் முதலிய இனங்கள் இவ்விடத்தைத் தம் பிறந்தகம் என்றே கொள்கின்றன.

இத்தகைய தோட்டக்காரர் ஒருவருக்குக் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து மகள் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கிளை களுபோவிலயிலும் மறு கிளை கனடாவிலும் படர்ந்திருப்பதால் இது அரிதான கற்பனையன்று. "அப்பா, பின்வளவில் ஒரு கண்ணாடி மனை கட்டப்போகிறோம். நீங்கள் வளர்க்கிற வண்டா இங்கேயும் பூக்க வேண்டும். மனையை எப்படிக் கட்டலாம்?" என்பது அவளுடைய வினா.

தகப்பனார் கெட்டிக்காரராயின் மனையைப் பற்றி முதலிற் பேசமாட்டார். செடியைப் பற்றியே பேசுவார். ஓர்க்கிட் என்பது ஒரு செடியின் பெயரன்று. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். வளர்ப்போர் அவற்றை இரவு வெப்பத்தைக் கொண்டு மூன்றாக வகுப்பர். வெப்ப வகைக்கு இரவில் 18 பாகையேனும் வேண்டும். இடைவகைக்கு 13 முதல் 16 வரை போதும். குளிர் வகையோ 10 முதல் 13 பாகை வரையிலேயே நலமாக வாழும். வண்டா முதல் வகையைச் சேர்ந்தது. ரொறன்ரோவிலே தை மாதத்துச் சராசரி இரவு, உறைநிலைக்கு ஏழு பாகை கீழே நிற்கும். சில இரவுகளில் இருபது பாகை கீழேயும் போகும்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது நன்று. மனைக்குள் 18, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 7 எனின், காக்கவேண்டிய இடைவெளி 25 பாகை. உள்ளே 12 போதுமாயின் இடைவெளி 19. வெப்ப இழப்பு இந்த இடைவெளியைப் பொறுத்தே கூடிக் குறையும். ஆகவே செடியை மாற்றிய அளவிலேயே எரிபொருட் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மாரிகாலம் ஐந்து மாதம் நீளும் நாட்டில் இது சிறிய தொகையன்று. முதலாண்டு மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தபின் மனையைக் கைவிட்டுச் செடிகளை வாடவிடுவோர் எங்கும் உண்டு.

செடியை அறியாமல் மனையைக் கட்டிய தவற்றை முன்னொரு காலத்தில் ஒரு தேசமே செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் ஓர்க்கிட்டின்மேற் பித்துக் கொண்டிருந்தனர். சற்ஸ்வேத் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பக்ஸ்ரன் 1836 முதல் 1840 வரை மாபெருங் கண்ணாடி மனையொன்றை எழுப்பினார். 1845இல் கண்ணாடி வரி நீங்கவே, நடுத்தரக் குடும்பத்தாரும் இவ்வாசைக்கு ஆட்பட்டனர். ஓர்க்கிட் எல்லாம் புழுங்கும் காட்டிலே பிறந்தவை என்பது அவர்களுட் பலருடைய எண்ணம். அதனால் மனையை இறுக மூடி, அடுப்பெரித்து, தரையெல்லாம் நீர் தெளித்து வேகவைத்தனர். மேகந் தவழும் அந்தீசு மலைச்சாரலிலிருந்து கொண்டுவந்த செடிகள் அந்த ஆவியில் அவிந்து மடிந்தன. இங்கிலாந்து ஓர்க்கிட்டுகளின் இடுகாடு என்ற அவப்பெயரும் எழுந்தது. சேகரிப்போர் எந்த உயரத்தில், எந்தக் குளிரில் செடியைக் கண்டெடுத்தனர் என்பதை வளர்ப்போர் கவனிக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று.

செடி முடிவானபின் மனை. ரொறன்ரோவில் நிலம் நான்கடி ஆழம் வரை உறையக்கூடும். உறையும் மண் பொருமும். பொருமும் மண்மேல் வைத்த சுவர் ஆண்டுக்கு ஆண்டு அசையும். எனவே அத்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே இறங்குவது முறை. மனையைத் தனியே நிறுத்தாமல் வீட்டின் தெற்குச் சுவரோடு சாய்ப்பாக அணைத்துக் கட்டுவது இன்னும் சிறந்தது. வடகோளத்தில் மாரிகாலச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் வெயில் முழுவதும் அந்தப் பக்கமே விழும். வீட்டுச் சுவரும் வாடைக்கு ஒரு தடையாகும். ஒற்றைக் கண்ணாடியைக் காட்டிலும், நடுவே வளி அடைபட்ட இரட்டைச் சுவர்ப் பொலிகாபனேற்றுத் தகடு வெப்ப இழப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். கூரைக்கு நல்ல சரிவு வேண்டும். வெண்பனி வழுக்கி விழுவதற்கு மட்டுமன்று. உட்புறம் வியர்க்கும் நீர், செடியின் குருத்திற் சொட்டாமல் ஓரமாக வழிந்தோடுவதற்கும் அதுவே வழி. இரவிற் குருத்திலே தங்கும் ஒரு துளி நீர் பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் போதுமான விருந்து.

இனி, களுபோவிலத் தோட்டக்காரர் நன்கறிந்த ஒன்று, கனடாவில் மனை கட்டுவோர் எளிதில் மறப்பது: காற்று. மரத்தைப் பற்றி வாழும் ஓர்க்கிட்டின் வேர், மண்ணிற் புதைவதற்காக அமைந்ததன்று. அதன்மேல் வெண்மையான பஞ்சுபோன்ற உறையொன்று உண்டு. மழை பட்டதும் உறிஞ்சிப் பச்சையாக மாறும். காற்றுப் பட்டதும் உலர்ந்து மீண்டும் வெளுக்கும். இந்த நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ்வதிலேயே வேரின் வாழ்வு அடங்கியிருக்கிறது. களுபோவிலயிற் பிற்பகற் கடற்காற்று அந்த வேலையைக் கூலியின்றிச் செய்கிறது. குளிருக்கு அஞ்சி ஒவ்வொரு நீக்கலையும் அடைத்த மனையிலோ காற்று அசையாது, வேர் அழுகும், வளர்ப்பவர் குளிரின்மேற் பழியைப் போடுவார். சிறிய மின்விசிறி ஒன்று இரவும் பகலும் மெல்லச் சுழன்றால் இந்தத் தீங்கு பெரும்பாலும் நீங்கும். கோடைக்காலத்துக்கெனக் கூரை முகட்டிலே திறக்குங் கதவு வேண்டும். குளிர்நாட்டு மனையென்று ஏமாறக்கூடாது. ஆடி மாத வெயிலில் மூடிய மனை அரை நாளிற் செடியைக் கருக்கிவிடும்.

ஈரப்பதன் பற்றியும் ஒரு வியப்பு உண்டு. களுபோவில அடுக்களையில் உப்புப் போத்தல் தானே நீர்விட்டு நிற்கும். ரொறன்ரோவின் மாரியிலோ வீட்டுக்குள்ளிருக்கும் மனிதருக்கே உதடு வெடிக்கும். உறைகுளிர் வளி மிகச் சிறிதளவு நீராவியையே தாங்கும். அதே வளியை உள்ளே கொணர்ந்து சூடாக்கினால் அது வறண்ட வளியாகிறது. எவ்வளவு சூடேற்றுகிறோமோ அவ்வளவு வறட்சி. ஆகவே தரையிற் சரளைக்கல் பரப்பி நீர் தெளித்து, ஈரப்பதனை 50 முதல் 70 வீதம் வரை வைத்திருத்தல் வேண்டும். செடிக்கு நீர் விடுவது காலையிலே. அதுவும் குழாயிலிருந்து நேரே வரும் பனிநீரையன்று, மனைக்குள் வைத்துத் தணுப்பு நீங்கிய நீரை.

சூடேற்றும் அடுப்பில் ஒரு நஞ்சு மறைந்திருக்கிறது. எரிவாயுவோ மண்ணெண்ணெயோ அரைகுறையாக எரியும்போது எதிலீன் என்னும் வாயு பிறக்கும். வாழைக்காயைப் பழுக்கச்செய்யும் வாயுவும் அதுவே. அது மிகச் சிறிதளவு கலந்தாலும் ஓர்க்கிட்டின் அரும்புகள் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். புகையை வெளியே செலுத்தும் குழாயில்லாத அடுப்பை மனைக்குள் வைக்கலாகாது. அது மனிதருக்கும் ஆபத்து. மின்னடுப்பு வைத்தால் மின்சாரம் தடைப்படும் இரவை எண்ணவேண்டும். வேறொரு சூடேற்றும் வழி ஆயத்தமாக இருப்பதும், வெப்பம் இறங்கினால் படுக்கையறையில் மணியடிக்கும் கருவி இருப்பதும் ஆடம்பரமல்ல. பத்தாண்டு வளர்த்த செடிகளை அழிக்க ஒரே இரவு போதும்.

இவையெல்லாவற்றையும் பணங்கொடுத்து வாங்கலாம். வெயிலை வாங்குவது கடினம். மார்கழியில் ரொறன்ரோவின் பகல் ஒன்பது மணி நேரமே. அதுவும் பெரும்பாலும் முகில் மூடியது. வண்டாவோ வெளிச்சத்துக்குப் பேராசை கொண்ட செடி. மின்விளக்குகளால் ஓரளவு ஈடுசெய்யலாம். எனினும் களுபோவிலக் கிணற்றடியில் அது பூப்பதுபோல் அங்கே பூக்க ஆகும் செலவைக் கொண்டு மகள் ஆண்டுதோறும் கொழும்புக்கே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மகளுக்கு இன்னொரு விருப்பமும் எழக்கூடும். இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட்டின் ஒரு கிளையை அப்பா தபாலில் அனுப்பக்கூடாதா? ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில், வெசாக் காலத்தை ஒட்டி இளஞ்சிவப்பாகத் தொங்கி மலரும் டென்ட்ரோபியம் அது. மனிதர் காட்டிலிருந்து பறித்துப் பறித்தே அதை அருகச் செய்தனர். சட்டம் இன்று அதைக் காக்கிறது. மேலும் ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால், அனுமதிப்பத்திரமும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இன்றி ஒரு கிளையும் எல்லை கடக்கலாகாது. தகப்பனார் மறுக்கவேண்டிய இடம் இது, மறுப்பது எளிதுமன்று. ஆனால் காட்டிற் கைவைக்கவேண்டிய தேவையே இன்று இல்லை. தூள்போன்ற ஓர்க்கிட் விதையைப் பங்கசின் துணையின்றிப் போத்தலிலே சீனி கலந்த ஊடகத்தில் முளைக்கச் செய்யலாமென 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் எடுத்துக்காட்டினார். அந்நாள் முதல் நாற்றுகள் ஆயிரக்கணக்கிற் கிடைக்கலாயின. மகள் தன் நாட்டு நாற்றுமேடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்குவது? தகப்பனாரின் கிணற்றடியிலேயே விடை நிற்கிறது. எப்போதோ நுவரெலியாவிலிருந்து அவர் ஆசையோடு கொணர்ந்த சிம்பிடியம் அது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த மலையூரின் குளிரில் கொத்துக்கொத்தாகப் பூத்த செடி, களுபோவிலயில் ஆண்டுதோறும் இலை மட்டுமே விடுகிறது. உரமும் இட்டார்; இடமும் மாற்றினார்; பூவில்லை. பெரும்பூச் சிம்பிடியங்கள் பூந்தண்டு தள்ளுவதற்குப் பல கிழமைகள் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரிரவுகள் வேண்டும். அந்த இரவைக் கொழும்பில் எவரும் கொடுக்க முடியாது.

ரொறன்ரோவிலோ அது இலவசமாகக் கிடைக்கிறது. வைகாசி இறுதியில் பனி அச்சம் நீங்கியதும் மகள் சட்டியை வெளியே வைக்கட்டும். கோடை முழுவதும் வெளியிலேயே வளரட்டும். புரட்டாதியிற் குளிரும் இரவுகளை அது நன்றாக அனுபவித்தபின், முதல் உறைபனிக்கு முன்னர் மனைக்குள் எடுத்து, இரவில் 12 பாகைக்கு மேற் சூடேற்றாமல் வைக்கட்டும். இலைகளின் அடியிலே தடித்த குருத்தொன்று தோன்றும். நுனி உருண்டிருந்தால் அது பூந்தண்டு, தட்டையாயின் தளிர். வெளியே வெண்பனி முழங்காலளவு கிடக்கும் மாசியில் அது மலரலாம். மலர்ந்தபின் ஒன்றிரண்டு மாதம் வாடாது நிற்கும். கிணற்றடியில் இலைவிட்டு நிற்கும் செடியின் பூ எந்த நிறம் என்பதை அப்பா மறந்திருந்தால், மகள் அனுப்பும் படத்தைப் பார்த்து ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.