விற்றது போக வீட்டுக்கு என்ன?

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோவாளையோ, விளவங்கோடோ, எந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் வந்திருந்தாலும், உங்கள் தோட்டத்து மரச்சீனியும் மட்டிப்பழமும் முருங்கைக்கீரையும் விடியுமுன் சந்தைக்குப் போய்விடுகின்றன. விற்ற பணத்தில் ஒரு பங்கு மாலையில் உங்கள் மகன் தின்னும் புரோட்டாவுக்குப் போகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். தலையை ஆட்டுவான், புரோட்டாவை விடமாட்டான். நாற்பது வயதில் வரக்கூடிய நோய் இருபது வயதுக்காரனை அசைப்பதில்லை. நாமும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தோம்.

வேறு எது அசைக்கும்? அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. உடம்புக்கு நல்லது என்று வழக்கமான பாடம் கேட்டவர்களைவிட, தின்பண்டக் கம்பெனிகள் எப்படித் தந்திரமாக ஆசைகாட்டி விற்கின்றன என்று படித்தவர்களே மறுநாள் நொறுக்குத்தீனியைக் குறைவாக எடுத்தார்கள். ஒருவன் நம்மை ஏய்க்கிறான் என்றால் இளரத்தம் பொறுக்காது. ஆகவே மகனிடம் நோயைப் பேசுவதைவிட விளம்பரத்தைப் பேசுங்கள்.

இன்னொன்று வெட்கம். மரச்சீனி ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த கிழங்கு அது. 1942-இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூரின் பசியைத் தாங்கியதும் அதுவே. அதில் மாவுச்சத்துதான் மிகுதி. 100 கிராமில் புரதம் ஒரு கிராம் அளவே. சாளைமீன் குழம்போடு சேர்த்தால்தான் அது முழுச் சாப்பாடு. நம் பாட்டிமார் புத்தகம் படிக்காமலே அப்படித்தான் பரிமாறினார்கள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரார் தேடி வாங்கும் அந்தப் பழத்தில், குலைக்கு ஒரு சீப்பையாவது வீட்டில் நிறுத்திவையுங்கள். கைக்கு எட்டுமிடத்தில் இருப்பதைத்தான் பசித்தவன் எடுப்பான்.

மகளை மறந்துவிடலாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்குமேல் இரத்தசோகை உள்ளவர்கள். எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை அவள் உண்ணும் வழக்கம் இருக்கும்வரை முருங்கைக்கீரைத் துவரன் செய்தும் பயனில்லை. இதில் திருந்த வேண்டியவர்கள் இளைஞர்கள் அல்லர், நாம்தான்.

இப்போது பல பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள். நோய்க்கு அஞ்சாதவன் புஜம் திரள வேண்டுமென்றால் எதையும் செய்வான். ஆனால் டப்பாவில் வரும் புரதப் பொடியை விலைகொடுத்து வாங்குகிறான். 100 கிராம் சிறுபயறில் 22 முதல் 24 கிராம் புரதம் உண்டு என்று அவனுக்குச் சொல்லுங்கள். கும்பப்பூ அறுவடைக்குப் பின் நீர்வசதி இருந்தால் வயலின் ஒரு மூலையை அவனிடம் விட்டு, பயறு விதைக்கச் சொல்லுங்கள். தன் கையால் விளைவித்ததை எவனும் ஒதுக்கமாட்டான்.

பக்குவமும் எளிது. காலையில் பயறைக் கழுவி எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். மறுநாள் காலையில் முளை விட்டிருக்கும். லேசாக ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவல், நல்லமிளகுத்தூள், சிறிது உப்பு சேர்த்து உண்ணலாம். துணியை அன்றன்று வெந்நீரில் அலசிக் காயப்போட வேண்டும். இல்லையேல் வாடை அடிக்கும். அந்த வேலையையும் மகனே செய்யட்டும்.