செலவு கூடியும் சிக்கனமா?
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் வரவு செலவுக் கணக்கைப் பேசத்தான் வேண்டுமா என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். பேசத்தான் வேண்டும். நம் படிப்பு வட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுப்பிய ஐயம் இன்னும் தீராக் கடனாக நிற்கிறது. பிரிட்டனில் 2010 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அரசு சிக்கன நடவடிக்கையால் ஏழைகளை வாட்டியது என்கிறார்கள். ஆனால் அவ்வரசின் மொத்தச் செலவோ குறையவில்லை, கூடியே வந்தது. செலவு கூடினால் அது எங்ஙனம் சிக்கனமாகும் என்பது அவர் வினா. நல்ல வினா. அதை எள்ளி ஒதுக்குதல் தகாது.

2008 இல் வங்கிகள் ஆட்டங்கண்டபின் அந்நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு வீழ்ந்தது. வரி வருவாய் குறைந்தது. வேலையிழந்தோர்க்கான உதவி பெருகியது. 2009-10 இல் பற்றாக்குறை நாட்டு வருமானத்தில் நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியது. 2010 மே திங்களில் பதவியேற்ற கூட்டணி அரசின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன், ஜூன் திங்களிலேயே அவசர வரவு செலவுத் திட்டத்தோடு வந்து செலவை வெட்டத் தொடங்கினார். நோயாளி படுக்கையைவிட்டு எழுந்து சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய நேரம் அது.

அப்பொழுது அரசின் ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 70,000 கோடி பவுன். 2018-19 இல் அது 80,000 கோடியைத் தாண்டியிருந்தது. இளைஞர் சுட்டிய ஏற்றம் இதுவே. ஆனால் பவுன் என்பது ஓர் அளவுகோல். அந்த அளவுகோலே ஆண்டுதோறும் சுருங்குகிறதே! சென்ற ஆண்டு நூறு ரூபாய் கூலி, இவ்வாண்டு நூற்று நான்கு. அரிசி விலை நூற்றுக்கு ஆறு ஏறிற்று, வீட்டில் ஒரு குழந்தையும் பிறந்தது என்றால், அக்குடும்பம் முன்னேறிவிட்டது என்று எந்தத் தாய் ஒப்புவாள்? பிரிட்டனில் விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், மொத்தச் செலவு அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் நின்ற இடத்திலேயே நின்றது. மக்கள் தொகையோ 2010 க்கும் 2018 க்கும் இடையில் ஏறத்தாழ 35 லட்சம் கூடிற்று. அவருள் முதியோர் பங்கும் உயர்ந்தது.

நம் தரப்பிலும் ஒரு பிழை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். அரசுச் செலவு நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 46 அளவிலிருந்து 40 அளவுக்கு இறங்கியதைக் காட்டி, இதோ சான்று என்று சிலர் விரைகின்றனர். மீட்சிக் காலத்தில் வருமானம் வளரும்; வேலையற்றோர் குறைய, உதவிச் செலவும் தானே குறையும். ஒருவரும் ஒரு காசை வெட்டாவிடினும் இந்தப் பங்கு இறங்கத்தான் செய்யும். ஆகவே மொத்தத் தொகை, பங்கு ஆகிய இரண்டும் நம்மை ஏமாற்றக்கூடியவை. இனம் இனமாகப் பிரித்துப் படித்தலே வழி.

அவ்வாறு படிக்கின், ஓய்வூதியம் காக்கப்பட்டது தெரியும்: விலையேற்றம், ஊதிய ஏற்றம், இரண்டரை விழுக்காடு ஆகிய மூன்றில் எது மிகுதியோ அவ்வளவு உயர்த்தப்பட்டது. மருத்துவச் சேவைக்கும் சிறிதளவு கூடிற்று. அப்படியாயின் வெட்டு எங்கே விழுந்தது? நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கு நடுவணரசு அளித்த நிதி, விலையேற்றம் நீக்கிய கணக்கில், 2010-11 க்கும் 2017-18 க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாயிற்று. உழைக்கும் வயதினர்க்குரிய உதவித்தொகைகள் பலவும் 2016 முதல் 2020 வரை ஒரு காசும் உயரவில்லை. வாடகை உதவி பெறும் ஏழை வீட்டில் ஓர் அறை மிகுதி என்று கண்டால், 2013 முதல் வாடகையில் நூற்றுக்கு 14 அளவு உதவியிலிருந்து பிடிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் நிறுவனங்களின் இலாப வரி நூற்றுக்கு 28 இலிருந்து 19 ஆக இறங்கிற்று. எனவே எம் முடிபு ஒளிவுமறைவற்றது: அது சிக்கனமே, ஆனால் எல்லார்க்கும் சிக்கனமன்று.

மாணவர்கள் ஓர் இனத்தை மட்டும் மறவாது குறித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 2004 முதல் நாடெங்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பதினாறு வயதுக்குமேல் படிப்பைத் தொடர, வாரம் 10, 20 அல்லது 30 பவுன் உதவி வழங்கப்பட்டது. பேருந்துக் கட்டணத்திற்கும் பகலுணவிற்கும் பயன்பட்ட பணம் அது. 2011 இல் இங்கிலாந்தில் அது நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 56 கோடி பவுன் செலவான இடத்தில் 18 கோடி பவுனுக்கு ஒரு மாற்று நிதி வந்தது. 70,000 கோடியில் இந்த 38 கோடி மிச்சம் எம்மாத்திரம்! ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அவ்வுதவியை நிறுத்தவில்லை என்பதையும் நோக்குக.

பற்றாக்குறையைக் கண்டு அரசு வாளாவிருக்க முடியுமா என்று வினவலாம். முடியாதுதான். ஆனால் காலமும் வேகமும் முக்கியம். ஒருவர் செலவே மற்றவர் வருமானம். குடும்பங்களும் நிறுவனங்களும் கையை இறுக்கிய வேளையில் அரசும் இறுக்கினால் கடைத்தெரு வெறிச்சோடும். பன்னாட்டு நிதியத்தின் பொருளியலறிஞர்கள் பிளான்சார்டும் லீயும், இவ்வெட்டுக்களால் விளையும் தீங்கை ஐரோப்பாவில் முன்கணிப்பாளர் குறைத்தே மதித்தனர் என்று 2013 ஜனவரியில் எழுதினர். பிரிட்டனின் உற்பத்தி 2008 தொடக்கத்து நிலையை மீண்டும் தொட்டதும் அந்த 2013 இல்தான். வேலைவாய்ப்பு பின்னர் நன்கு பெருகியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

கடல் கடந்த கணக்கு நமக்கெதற்கு என்பீர்களாயின், அண்ணல் அம்பேத்கர் இலண்டன் பொருளியல் பள்ளியில் 1923 இல் முனைவர் பட்டம் பெற்றது ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து. 1925 இல் வெளியிட்டது மாகாண நிதி பற்றிய நூல். அரசுப் பணத்தின் வழித்தடத்தை அறிவது அவருக்குப் பொழுதுபோக்கன்று. 1944 இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையால் படித்தவர்கள் இந்த அவையிலேயே எத்தனையோ பேர். அதற்கு 2020 டிசம்பரில் ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு 60 நடுவணரசின் பங்கு. பெருந்தொகைதான், மகிழ்வோம். ஆனால் அதே ஆவணங்களில் வேறோர் எண்ணையும் தேடுங்கள். பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2013 இல் 2.5 லட்சம் ரூபாய். 2021 இல் வந்த புதிய நெறிமுறையிலும் அதே 2.5 லட்சம். இடைப்பட்ட எட்டாண்டுகளில் விலையோடு மட்டுமே ஊதியம் ஏறிய ஒரு தந்தை, முன்னைவிடச் செல்வராகாமலே அந்த வரம்பைக் கடந்திருப்பார். அவர் மகளின் உதவியை வெட்டுவதாக எந்த அமைச்சரும் எந்த அவையிலும் அறிவிக்கவில்லை.