வெளிநாட்டு மாப்பிள்ளையும் நம்ம பொண்ணு படிச்ச படிப்பும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



குழுவில் கடன் வாங்கி நாம் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். பி.இ., எம்.சி.ஏ., நர்சிங் என்று பட்டம் வாங்கி வருகிறார்கள். "அமெரிக்காவுல மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை" என்று வரன் வந்தால் சொந்தபந்தம் எல்லாம் சந்தோஷப்படுகிறது. சம்பளம் கேட்கிறோம், நகை பேசுகிறோம். "அங்க போனா எங்க பொண்ணு வேலைக்குப் போக முடியுமா?" என்று யாராவது கேட்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

படித்த வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அமெரிக்கா தருவது எச்-1பி விசா. 1990-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு 85,000 புதிய இடங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைகள். வாங்குகிறவர்களில் இந்தியர்கள் அதிகம், ஆண்கள் அதிகம். மனைவிக்குக் கிடைப்பது எச்-4 விசா. கணவனைச் சார்ந்து இருக்கிற விசா அது. கணவனுக்கு வேலை போனாலும், விவாகரத்து ஆனாலும், அவள் விசாவும் போய்விடும்.

2015 மே மாதம் வரை எச்-4 விசாவில் போனவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யவே கூடாது. இன்ஜினியருக்குப் படித்தவளும் வீட்டோடுதான். அந்த வருஷம் விதியை மாற்றி, சிலருக்கு மட்டும் வேலை அனுமதி கொடுத்தார்கள். கணவனின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அதனால் புதிதாகப் போகிறவனின் மனைவி காத்திருக்க வேண்டியதுதான். 2017 கடைசிக்குள் சுமார் 90,000 பேர் இந்த அனுமதி வாங்கினார்கள். அதில் 100-க்கு 90 பேருக்கு மேல் பெண்கள். அந்த விதியையும் ரத்து செய்ய முயற்சி நடந்தது, 2021-ல் கைவிட்டார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

சட்டத்தில் ஆண், பெண் என்று ஒரு வார்த்தை கிடையாது. மனைவி எச்-1பியில் போனால் கணவனுக்கும் எச்-4தான். ஆனால் முதலில் போவது யார், கூடப் போவது யார்? நம் வீட்டுப் பழக்கமும் அந்த ஊர்ச் சட்டமும் சேரும்போது பாரம் பெண் தலையில் விழுகிறது.

இன்னொன்று பாருங்கள். நர்ஸ் வேலைக்குப் பொதுவாக எச்-1பி கிடைப்பதில்லை. அங்கே அந்த வேலைக்குப் பட்டப்படிப்பு கட்டாயம் இல்லை என்பது காரணம். உயிரைக் காப்பாற்றுகிற வேலை, பெண்கள் அதிகம் செய்கிற வேலை, அந்தத் "திறமை" கணக்கில் வரவில்லை. எது திறமை என்று முடிவு செய்கிறவர்கள் பக்கம்தான் சட்டம் சாய்கிறது.

அதற்காக வெளிநாட்டு வரனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்கிறோம்.

1. மாப்பிள்ளைக்கு என்ன விசா, கிரீன் கார்டு மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். காகிதத்தில் பாருங்கள்.

2. பெண்ணுக்கு எப்போது வேலை அனுமதி கிடைக்கும் என்று கேளுங்கள். தகுதி இருந்தால், ஒரு கம்பெனி மூலம் அவள் பெயரிலேயே எச்-1பி மனு போட முடியும்.

3. பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் அவள் கையிலேயே இருக்கட்டும். நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கொடுமை, கைவிடுதல் என்று ஏதாவது நடந்தால் வாய் மூடி இருக்க வேண்டாம். தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவு இருக்கிறது. இந்தியத் தூதரகத்திலும் புகார் செய்யலாம்.

5. முக்கியமானது இது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணிடமே கேளுங்கள்: "நீ வேலையை விட்டுட்டு இருக்கச் சம்மதமா?"

சேமித்து, கடன் கட்டி வாங்கிக் கொடுத்த படிப்பு அது. அதை மடித்துப் பெட்டியில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தீர்மான நோட்டில் எழுதுங்கள்.