மாதம் 75 ரூபாய்

1910-ஆம் ஆண்டின் கடைசியில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். கக்கத்தில் நோட்டுப் புத்தகம். கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். ராவ் கணிதத்தில் ஆர்வம் உள்ளவர் என்பதால் நோட்டைப் புரட்டினார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பேசப் பேச, எதிரில் இருப்பவர் சாதாரண ஆளில்லை என்பது மட்டும் விளங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக்கு ஒரு வழி இருந்தால் போதும், கணக்கைத் தொடர்வேன் என்ற பொருளில் பதில் வந்தது.

வந்தவர் சீனிவாச ராமானுஜன். ராவ் சில காலம் தம் கையிலிருந்தே மாதாமாதம் பணம் கொடுத்தார். ஆனால் ஒருவர் தயவிலேயே காலம் தள்ள ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. முதுகலை முடித்தவர்களுக்கு என்று இருந்த தொகை அது. பட்டமே இல்லாதவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நேயர்களே, ஒரு தனிமனிதரின் கைப்பணம், ஒரு வேலையின் சம்பளம், ஒரு நிறுவனத்தின் உதவித்தொகை என்று மூன்று வகைப் பணம் அந்த மூன்றாண்டுகளில் ராமானுஜன் கைக்கு வந்தது. அவர் பகல் முழுவதையும் கணக்குக்கே கொடுக்க முடிந்தது மூன்றாவது வகையால்தான். மேற்படிப்புக்கு உதவ நினைக்கும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, எந்த உருவில் கொடுக்கிறோம் என்பதும் விளைவை மாற்றிவிடுகிறது.

பள்ளிப் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட நம் ஊரில் ஆள் கிடைப்பார்கள். முனைவர் பட்டம் படிக்கும் இருபத்தெட்டு வயதுக்காரருக்கு யாரும் கை நீட்டுவதில்லை. ‘இன்னுமா படிக்கிறான்?’ என்ற கேள்விதான் வரும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் வருகிறது. அதைப் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்கு நீண்ட காலமாகவே 8,000 ரூபாய்தான். ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கும் அது ஐந்தாண்டோடு நின்றுவிடும். ஆய்வேடு பல நேரம் அதற்குள் முடிவதில்லை. கடைசி ஆறு மாதம், எழுதி முடிக்க வேண்டிய அந்த ஆறு மாதம், டியூஷன் எடுத்தோ பகுதிநேர வேலை பார்த்தோ கழியும்.

இந்த இடைவெளியை நிரப்பக் கொடையாளர்கள் காலந்தோறும் பல வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

ஒன்று, கடன் உதவித்தொகை. 1892-ல் ஜம்ஷெட்ஜி டாடா இந்தியர்களின் உயர்கல்விக்காக ஒரு நிதியை நிறுவினார். வெளிநாடு சென்று படிப்பவருக்குப் பணம் கடனாகத் தரப்படும். படித்து முடித்து வேலைக்குப் போனபின் திருப்ப வேண்டும். திரும்பி வரும் தொகை அடுத்தவருக்குப் போகும். முதலில் பயன்பெற்றவர்கள் இரண்டு பெண் மருத்துவர்கள் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. 1945-ல் லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்ற கே.ஆர். நாராயணனும் டாடா உதவி பெற்றவர்தான். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவர் ஆனார்.

ஆனால் டாடாவுக்கு மாணவர்களைக் கப்பலேற்றி அனுப்புவது மட்டும் போதவில்லை. ஆய்வுப் படிப்பு இங்கேயே நடக்க வேண்டும் என்று நினைத்தார். பம்பாயில் தமக்கிருந்த கட்டடங்களையும் நிலங்களையும், சொத்தில் ஏறத்தாழ பாதியை, அதற்கென எழுதிவைக்க முன்வந்தார். மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் தந்தது. 1904-ல் டாடா இறந்துவிட்டார். இந்திய அறிவியல் கழகம் 1909-ல்தான் பிறந்தது.

தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தவர் அழகப்பச் செட்டியார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்து, காரைக்குடிக்கு வாருங்கள் என்று அழைத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ஆய்வகம் திறக்கப்பட்டது. பெருநகரத்தில் அமைய வேண்டிய நிறுவனம் செட்டிநாட்டுப் பொட்டலில் எழுந்ததற்கு அந்தக் கொடைதான் காரணம்.

அடுத்த வழி, இருக்கை. ஹார்வர்டு தமிழ் இருக்கை நம் வீடுகளிலெல்லாம் பேசப்பட்ட செய்தி. 2015-ல் அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தம்மால் முடிந்ததை அனுப்பினார்கள். 2018-ல் அறுபது லட்சம் டாலர் இலக்கு நிறைந்தது. இவ்வளவு பணமும் ஒரே ஒரு பேராசிரியருக்கா என்று அப்போது பலர் கேட்டதுண்டு. இருக்கையின் கணக்கு விதைநெல் கணக்கு. முதலை யாரும் தொடமாட்டார்கள். அதன் வருமானத்தில்தான் சம்பளம். ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வருவார். இருக்கை இருக்கும்வரை தமிழில் முனைவர் பட்டம் செய்ய வரும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி இருப்பார். வழிகாட்டி இல்லாத துறையில் எவ்வளவு உதவித்தொகை வைத்தாலும் மாணவர் வரமாட்டார்.

விதைநெல் கணக்கில் ஒரு சிக்கலும் உண்டு. நம் கல்லூரிகளில் தாத்தா பெயரில், அம்மா பெயரில் பத்து லட்சம் ரூபாய் வைப்பு நிதியாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் கிடைக்கும். ஜே.ஆர்.எஃப். அளவில் பார்த்தால் அது இரண்டு மாதத்துக்குக்கூட முழுதாகக் காணாது. ஒரே ஓர் ஆய்வு மாணவரை ஆண்டு முழுவதும் தாங்க வேண்டுமானால் வைப்பு 63 லட்சத்தைத் தாண்ட வேண்டும். வட்டி முழுவதையும் செலவழித்துவிட்டால், விலைவாசி ஏற ஏற, அந்த 70,000-த்தின் மதிப்பும் தேய்ந்துகொண்டே போகும். அதனால் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அதே பத்து லட்சத்தை வைப்பில் போடாமல் நேரடியாகச் செலவழித்தால்? உதவித்தொகை நின்றுபோன நான்கு மாணவருக்கு ஆய்வேடு எழுதும் ஆறு மாதத்துக்கு, மாதம் 40,000 ரூபாய் வீதம் கொடுக்கலாம். மீதி 40,000-த்தில் ஒருவரைக் கருத்தரங்குக்கு அனுப்பலாம். பெயர்ப்பலகை இருக்காது. நான்கு ஆய்வேடுகள் முடிந்திருக்கும். நிறுவனத்துக்கு 80ஜி என்று பழகிப்போன வருமான வரிச் சலுகைக்கான ஒப்புதல் இருந்தால், பழைய வரிமுறையில் இருப்பவருக்குக் கழிவும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும்.

பெயர் என்றதும் சென்னைக் கோட்டைக்குப் போக வேண்டியிருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718-ல் அமெரிக்காவின் ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு வந்தது. கல்லூரி தன் பெயரையே யேல் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டங்களை 1861-ல் வழங்கியதும் அந்த யேல்தான்.

யேலுக்கு நேர்மாறானவர் ரூத் காட்ஸ்மன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். 2024-ல், 93 வயதில், மறைந்த கணவர் விட்டுச்சென்ற பங்குகளிலிருந்து 100 கோடி டாலரை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் இளங்கலை முடித்தபின்தான் மருத்துவப் படிப்பு. அங்கே படித்து வெளியேறுபவரில் ஏறக்குறைய பாதிப்பேர் தலையில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கடன் இருந்தது. இனி அந்தக் கல்லூரியில் யாருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. கல்லூரியின் பெயரை மாற்றக் கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை.

எல்லா நிபந்தனையும் இப்படி இருப்பதில்லை. இன்ன ஊரார், இன்ன பாடம், இன்ன மதிப்பெண் என்று வளையத்தைச் சுருக்கிக்கொண்டே போனால், தகுதியானவர் கிடைக்காத ஆண்டுகள் கூடும். பணம் வங்கியில் தூங்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ராமானுஜன் துறைமுகக் கணக்கையே எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

1914-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தந்தது. அதில் ஒரு பகுதி மாதாமாதம் கும்பகோணத்தில் இருந்த பெற்றோருக்குப் போனது. 1919 ஜனவரியில், இந்தியா திரும்பும் முன், மீண்டும் ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் எழுதியது. ராமானுஜன் அப்போது நோயாளி. லண்டனில் ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து பதில் எழுதினார். தமக்கு இவ்வளவு தேவைப்படாது. பெற்றோருக்கு 50 பவுண்டும் தம் செலவுக்கு வேண்டியதும் போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சென்னையில் காலமானார்.